பின்னாலும் நிறைஞ்சிருச்சு, முன்னாலும் நிறைஞ்சிருச்சு

காரைக்குடி கழனிவாசல் சாலையில் பட்டறை வைத்திருந்த அப்துல் சுபஹான், பட்டறை வாசலில் நின்றபடியே, சாக்கோட்டையில் ஓடிக்கொண்டிருக்கும் டிராக்டரில் எந்த நட்டு தளர்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். இதில் முக்கால்வாசி கூட்டிச் சொன்னது. அவர் காது சாக்கோட்டை வரைக்கும் போகாது, தெருமுனை வரைக்கும் போகும். அதுவும் காற்று இந்தப் பக்கமாக அடிக்க வேண்டும், எதிர்க்கடை ரேடியோ வாயை மூடியிருக்க வேண்டும். ஆனாலும் டிராக்டர் வருகிற சத்தம் கேட்டால் கோழியும் ஆளும் ஒன்றாக ஓடி ஒளிந்த அறுபதுகளில், தெருமுனை வரைக்கும் போன காதே பெரிய காதுதான்.

அவருடைய அத்தா சைக்கிளில் ஜவுளி மூட்டை கட்டி ஊர் ஊராக விற்றவர். பிள்ளையாவது நிழலில் உட்காரட்டும் என்று ஈப்போவில் மாமா வைத்திருந்த மளிகைக் கடைக்குக் கப்பலேற்றி அனுப்பினார். பிள்ளை நிழலில் உட்காரவில்லை. கடைக்குப் பின்னால் ஒரு ரப்பர் தோட்டத்து மெஷின் கொட்டகை இருந்தது. மாமா சர்க்கரை நிறுக்கக் கூப்பிடும்போதெல்லாம் மருமகன் அங்கே ஏதாவதொரு வண்டிக்கு அடியில் கிடந்தார். ஊர் திரும்பியபோது கையில் ஒரு இரும்புப் பெட்டி நிறைய ஸ்பானரும், வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டுதான் வேலை செய்வது என்ற பிடிவாதமும் இருந்தன.

"வேலை தெரிஞ்சவன் சட்டையில கறை விழாது. கறை விழுந்துச்சுன்னா, எண்ணெய் எங்கிட்டு இருந்து வருதுன்னு அவனுக்குத் தெரியலைன்னு அர்த்தம்" என்பார். புதுவயலிலிருந்து அவருக்கு வாழ்க்கைப்பட்டு வந்த சுலைகா, அந்தச் சட்டையைத் துவைக்கிறவள் என்ற முறையில், இதற்கு வேறொரு அர்த்தம் வைத்திருந்தாள். "கறை விழாது, ஏன்னா அழுக்கான எடத்துல கையை வைக்க மாட்டாக. அடுத்தவனை வைக்கச் சொல்லுவாக."

சாக்கோட்டைக்குக் கிழக்கே கண்மாய்ப் பாசனத்தில் நிலம் வைத்திருந்த நாச்சியாரை டிராக்டர் வாங்கச் சொன்னது சுபஹான்தான். நாச்சியார் கணவரை இழந்தபின் தானே நின்று வெள்ளாமை பார்த்தவர். இரண்டு ஜோடி மாடு, நல்ல உழவு மாடு, கொட்டிலில் நின்றது. திருக்கோஷ்டியூர்ப் பக்கம் ஒருவர் பழைய டிராக்டர் ஒன்றை விற்கப்போகிறார் என்று தெரிந்ததும் சுபஹான் போய்ப் பார்த்தார். தட்டினார், முகர்ந்தார், காதை வைத்துக் கேட்டார். "கிழடுதான். ஆனா சுத்தமான கிழடு. வாங்குங்க ஆத்தா, நான் பொறுப்பு" என்றார்.

"உன் வாயை நம்பி மாட்டை விக்கிறேன் சுபஹானு. நாளைக்கு இது உழலைன்னா, உன்னையத்தான் ஏர்ல பூட்டுவேன்."

"பூட்டுங்க ஆத்தா. ஒத்தையாவே இழுப்பேன்."

மாடு போனது, டிராக்டர் வந்தது. புது மருமகளுக்குச் சுற்றுவதுபோல ஆரத்தி சுற்றி, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து, மாடு நின்ற கொட்டிலிலேயே கொண்டுபோய் நிறுத்தினார்கள். மாட்டைப் பார்த்துக்கொண்டிருந்த சின்னக்கருப்பு டிரைவர் ஆனான். எஞ்சின் எண்ணெயை அளக்கிற கம்பி தொலைந்துபோன வண்டி அது. சின்னக்கருப்பு ஒரு பழைய குடைக்கம்பியை நிமிர்த்தி, தினமும் காலையில் விட்டுப் பார்த்துத் துடைத்து, கொட்டில் கூரையில் செருகி வைத்தான். முதல் வருஷம் டிராக்டர் ஒழுங்காக உழுதது. சுபஹானின் பேச்சு சாக்கோட்டை வட்டாரத்தில் ஏறு முகமாக இருந்தது. இன்னும் நாலு வீட்டில் மாட்டை விற்றுவிட்டு அவரைக் கூட்டிப்போய் வண்டி பார்க்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார்கள்.

அடுத்த வருஷம், அறுபத்தெட்டு, ஆவணிக் கடைசியில் நல்ல மழை விழுந்தது. மண் பதமாக இருக்கும்போதே உழுது விதைக்க வேண்டும். விட்டால் நம் பக்கத்து மண் ஓடாக இறுகிவிடும். அந்த நேரம் பார்த்து டவுன் பஸ் கண்டக்டர் குருநாதன் பட்டறை வாசலில் பஸ்ஸை நிறுத்திக் கத்தினார்.

"பாய்! நாச்சியார் வீட்டு டிராக்டருல பின்னாடி எண்ணெய் நிறைஞ்சிருச்சாம். கலப்பையைத் தூக்க மாட்டேங்குதாம். ஒடனே வரச் சொன்னாக."

டிராக்டரின் பின்பெட்டியில் இருக்கிற ஹைட்ராலிக் எண்ணெய்தான் கலப்பையைத் தூக்கி இறக்குவது. எவனோ அளவு தெரியாமல் கழுத்து வரைக்கும் ஊற்றிவிட்டான் என்று நினைத்த சுபஹான், வடித்து எடுக்க ஒரு காலித் தகரத்தைத் தூக்கிக்கொண்டு அதே பஸ்ஸில் ஏறினார். கொட்டிலில் போய்த் தகரத்தை அடியில் வைத்து, வடிகால் திருகைக் கழற்றினார். ஒரு சொட்டு, இன்னொரு சொட்டு. அவ்வளவுதான்.

"எங்கப்பா நிறைஞ்சிருக்கு? ஒண்ணுமே இல்லையே!"

சின்னக்கருப்பு காதைப் பொத்திக்கொண்டான். "வெள்ளிக்கிழமையும் அதுவுமா என்ன வார்த்தை பாய் சொல்றீக! அதான் நிறைஞ்சிருச்சுன்னு சொல்லிவிட்டமே."

நாச்சியார் வீட்டுப்படியிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தார். "எங்க வீட்டுல அரிசி, உப்பு, எண்ணெய், இந்த மூணுக்கும் அந்தச் சொல்லு கெடையாது சுபஹானு. தீந்துபோச்சுன்னா நிறைஞ்சிருச்சும்போம். உங்க வீட்டுல எப்படி?"

"எங்க வீட்டுலயும் உப்புப் பானைக்கு அப்படித்தான் சொல்லுவாக. அது அடுப்படிப் பேச்சு ஆத்தா. டிராக்டருக்குமா?"

"டிராக்டரு என்ன தெருவுலயா கெடக்கு? எங்க வீட்டுலதான நிக்கிது."

சுபஹான் வடிக்கக் கொண்டுவந்த தகரத்தில் எண்ணெய் வாங்கிவந்து ஊற்றினார். கலப்பை ஏறியது. களத்தில் இருந்த நாலு பேரும் காலித் தகரத்தோடு வந்த மெக்கானிக்கைப் பற்றிச் சிரித்தது அவருக்குக் கேட்டது. இனி இந்த வீட்டில் நிறைஞ்சிருச்சு என்று யார் சொன்னாலும் காலி என்று எடுத்துக்கொள்ள வேண்டும் என்று மனத்தில் முடிச்சுப் போட்டுக்கொண்டார்.

மறுநாள் மத்தியானமே கலப்பை மறுபடி தரையில் உட்கார்ந்துவிட்டது. திறந்து பார்த்தால் பின்பெட்டி பாதி காலி. எண்ணெய் எங்கே போகிறது? கீழே தரையில் ஈரம் கிடையாது. அதுதான் அவரைக் குழப்பியது. ஒழுகுகிற வண்டி ஒழுகுகிற இடத்தில் காட்டிக்கொடுக்கும். இது வாயைத் திறக்கவே இல்லை.

சுபஹான் வண்டியை மண்ணெண்ணெய் விட்டுக் கழுவச் சொன்னார். காய்ந்ததும் நாச்சியார் வீட்டுக் கோலமாவை வாங்கி, மூட்டு மூட்டாக, பின்பெட்டியின் இணைப்பு, தூக்கும் கைகள், பிரேக் டிரம் ஓரம் எல்லாவற்றிலும் தூவினார். எங்கே கசிந்தாலும் மாவு கறுத்துக் காட்டும் என்று கணக்கு.

"மாவு போட்டா எறும்புதான் வரும்" என்றார் நாச்சியார்.

காலையில் வந்து பார்த்தபோது மாவு கறுத்திருக்கவில்லை. மாவே அங்கு இருக்கவில்லை. அது பச்சரிசி மாவு. ஊரிலுள்ள எறும்பெல்லாம் சாரை பிடித்து வந்து, டிராக்டரைத் துடைத்து வைத்ததுபோல் சுத்தமாக்கிவிட்டுப் போயிருந்தன. இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் வண்டியையே புற்றுக்குள் இழுத்துப் போயிருக்கும்.

வண்டி நிற்கும்போது ஒழுகாமல் ஓடும்போது ஒழுகுகிறதோ என்று அடுத்த சந்தேகம். அதற்கு வெள்ளைத் துணி வேண்டும். பட்டறைக்கு வந்த வழியில் வீட்டுக் கொடியில் கிடந்த சுலைகாவின் வெள்ளைத் துப்பட்டியை உருவிக்கொண்டு போனார். வெளியே போகும்போது அவள் தலையோடு போர்த்திக்கொள்வது அது. அதை நாலு மடிப்பாக மடித்து, டிராக்டரின் வயிற்றுக்கு அடியில் முன்னும் பின்னும் இழுத்துக் கட்டினார். கோவணம் கட்டிய டிராக்டரை அதற்கு முன்னும் பின்னும் சிவகங்கைச் சீமையில் யாரும் பார்த்ததில்லை. பக்கத்து வயல்காரர் தேனப்பன் வரப்பில் உட்கார்ந்து, "கட்டுனது சரி, வேட்டி எப்ப வருது?" என்றார்.

சின்னக்கருப்பு வயலைச் சுற்றி ஒரு நடை ஓட்டி வந்தான். துணியில் சேறு இருந்தது, வைக்கோல் இருந்தது, ஒரு சின்னத் தவளை இருந்தது. எண்ணெய்ப் பொட்டு ஒன்றுகூட இல்லை. ஆனால் வண்டி வந்து நின்றபோது புகைபோக்கியிலிருந்து புகை வந்தது பாருங்கள், கண்மாயில் இருந்த கொக்கெல்லாம் காக்காயாகிவிட்டது. சரி, பாதிக் கொக்கு.

புகையைக் கண்டதும் சுபஹானுக்கு ஒரு வெளிச்சம் வந்ததுபோல் இருந்தது. எஞ்சின் எண்ணெயை எரித்தால்தான் இப்படிப் புகையும். அப்படியென்றால் முன்பக்கமும் எண்ணெய் குறைந்திருக்க வேண்டும். அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு கேட்டார்.

"ஏப்பா கருப்பு, காலையில கம்பி விட்டுப் பாத்தியா? முன்னாடி எஞ்சின்ல எண்ணெய் எப்படி?"

"முன்னாடியும் நிறைஞ்சிருச்சு பாய்."

சுபஹான் தலையை ஆட்டிக்கொண்டார். இந்தத் தடவை அவரை யாரும் ஏமாற்ற முடியாது. "அப்ப ஊத்து."

சின்னக்கருப்பு தயங்கினான். "நிறைஞ்சிருச்சுன்னு சொன்னேனே பாய்."

"அதாம்ப்பா, அதுனாலதான் சொல்றேன். ஊத்து."

படித்த மனிதர், கப்பல் ஏறி வந்தவர் சொல்கிறார். சின்னக்கருப்பு ஊற்றினான். டிராக்டர் இன்னும் அதிகமாகப் புகைந்தது. தான் நினைத்தது உறுதியாகிவிட்டதாக சுபஹான் முடிவு செய்து நாச்சியாரிடம் போனார்.

"எஞ்சின் எண்ணெயைக் குடிக்குது ஆத்தா. பின்பெட்டியும் குடிக்குது. எறக்கிப் பிரிச்சாத்தான் தெரியும். சாமானுக்கு மதராசுக்கு எழுதிப் போடணும்."

"எம்புட்டு நாள் ஆகும்?"

"ஐப்பசி பொறந்துரும்."

நாச்சியார் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் சுபஹானுக்குச் சுலபமாக இருந்திருக்கும். "மண்ணு நாளைக்கு ஒரு நாள் தாங்கும் சுபஹானு. நாளைக்குப் பொழுது உச்சிக்கு வந்தா, தேனப்பன் மாட்டைக் கேட்டு ஏர் கட்டிருவேன். இதை லாரி வச்சு இழுத்துட்டுப் போயி பழைய இரும்புக்காரன்கிட்டப் போட்டுரு. இனிமே இந்தப் பக்கம் யாருக்கும் வண்டி பாத்துச் சொல்லாத. நம்பி மாட்டை வித்துட்டு அவதிப்பட என்னைய மாதிரி இன்னொருத்தி வேணாம்."

சுபஹான் ஏறிய பஸ்ஸில் கண்டக்டர் குருநாதன் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே டிக்கெட் கிழித்துக்கொடுத்தார். செய்தி அதற்குள் பஸ்ஸுக்கு வந்திருந்தது.

வீட்டில் சுலைகா துப்பட்டியை விரித்துப் பார்த்தாள். தவளை போய்விட்டது, அதன் தடம் இருந்தது.

"எதுக்குக் கட்டுனீக இதை?"

"எண்ணெய் ஒழுகுதான்னு பாக்க."

"ஒழுகுச்சா?"

"இல்ல."

"அப்ப எதுக்கு இம்புட்டு அழுக்கு?" என்று அவள் துணியைச் சோப்பு நீரில் அமுக்கினாள். "பத்து வீட்டுப் பொம்பளைக பாத்திருப்பாக, சுலைகா துப்பட்டி டிராக்டரு இடுப்புல கெடக்குன்னு. நாளைக்கு நான் எதைப் போத்திக்கிட்டு வெளிய போறது, உங்க சட்டையவா?"

அவருக்குச் சண்டை போடத் தெம்பில்லை. நடந்ததையெல்லாம் சொன்னார், காலித் தகரத்திலிருந்து புகை வரைக்கும். நாச்சியார் சொன்ன கடைசி வார்த்தையை மட்டும் மெதுவாகச் சொன்னார். சுலைகா துணியைப் பிழிந்துகொண்டே கேட்டாள். கேட்டுவிட்டு, பிழிவதை நிறுத்தினாள்.

"அது சரி. அவுக வீட்டுல காலியானா நிறைஞ்சிருச்சும்பாக. நெசமாவே நிறைஞ்சிருந்தா என்ன சொல்லுவாக?"

சுபஹான் அப்போதே ஸ்பானர் பெட்டியை எடுத்து வாசலில் வைத்தார்.

விடிந்ததும் முதல் பஸ்ஸில் போய் இறங்கினார். யாரையும் கேட்கவில்லை. கொட்டில் கூரையிலிருந்து குடைக்கம்பியைத் தானே உருவினார், எஞ்சினில் தானே விட்டார், தானே இழுத்தார். நுனியில் இரண்டு விரல்கடை நனைய வேண்டிய கம்பி, பாதிக்கு மேல் நனைந்து வந்தது. தொட்டுத் தேய்த்துப் பார்த்தார். கரிமாதிரி கறுத்துக் கொழகொழவென்று இருக்க வேண்டிய எஞ்சின் எண்ணெய், நீர்மோராக இளகியிருந்தது.

சின்னக்கருப்பு கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து நின்றான்.

"கருப்பு, முன்னாடி நிறைஞ்சிருச்சுன்னு சொன்னியே, அது எந்த நிறைஞ்சிருச்சு?"

"அது நெசமா நிறைஞ்சது பாய். பின்னாடி சொன்னதுதான் நிறையாத நிறைஞ்சிருச்சு."

"எனக்கு எப்படிய்யா தெரியும்?"

"வயித்தைத் தடவிக்கிட்டுல்ல சொன்னேன்! நீக எங்க என் வயித்தைப் பாத்தீக, புகையையில்ல பாத்துக்கிட்டிருந்தீக."

"தினமும் கூடிச்சா?"

சின்னக்கருப்பு சுற்றுமுற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினான். "தினமும் ஊறுது பாய். ஊருணி மாதிரி. நான் ஊத்துறதே இல்ல, தானா ஏறுது. அய்யனாருக்கு நேந்துக்கிட்டேன், அதுதான்னு நெனச்சேன். பெருகுறதைப் போயி வெளிய சொன்னா கண்ணு பட்டுரும்ல? அதான் யாருகிட்டயும் சொல்லல."

இனி விஷயம் வெட்டவெளிச்சம். அந்த மாதிரி வண்டியில் ஹைட்ராலிக் பம்பு எஞ்சினின் விலாவில் பொருத்தப்பட்டிருக்கும். பின்பெட்டி எண்ணெயை உறிஞ்சித் தூக்கும் கைகளுக்கு அனுப்புவது அதன் வேலை. அதைச் சுழற்றுகிற தண்டு எஞ்சினுக்குள்ளிருந்து வருகிறது. இந்தப் பக்க எண்ணெயும் அந்தப் பக்க எண்ணெயும் கலந்துவிடாமல் தண்டைச் சுற்றி ஒரு ரப்பர் வளையம், ஆயில் சீல், காவல் இருக்கும். காவல் செத்துவிட்டால் பின்பக்கத்து எண்ணெய் வெளியே ஒழுகாது. உள்ளுக்குள்ளேயே எஞ்சினுக்குக் குடிபோகும். பின்னால் குறையும், முன்னால் ஏறும். ஏறியது கொள்ளாமல் எஞ்சின் புகையும். எறும்பும் துப்பட்டியும் எத்தனை தேடினாலும் கிடைக்காது.

பம்பைக் கழற்றியபோது உள்ளே தேங்கியிருந்தது பீய்ச்சிக்கொண்டு வந்தது. காலரிலிருந்து மடி வரைக்கும் வெள்ளைச் சட்டை எண்ணெயாயிற்று. சுபஹான் குனிந்துகூடப் பார்க்கவில்லை. சீல், சுட்ட அப்பளமாக விரைத்துப்போய் விரலில் நொறுங்கியது.

நொறுங்காத துண்டைக் காகிதத்தில் மடித்து, திரும்பிப் போகிற பஸ்ஸில் குருநாதனிடம் கொடுத்தார். "வீட்டுல குடுத்து, இதே அளவுல வாங்கிவரச் சொல்லுங்க. எனக்கு இங்க எஞ்சினைக் கழுவுற வேலை இருக்கு." இளகிய எண்ணெய் முழுவதையும் வடித்து, எஞ்சினை அலசி, புது எண்ணெய் ஊற்றி முடிப்பதற்குள் வெயில் ஏறிவிட்டது. தேனப்பன் மாடுகளை ஓட்டிவந்து வரப்போரம் நிறுத்தினார். நாச்சியார் வானத்தைப் பார்த்தார், மண்ணை ஒரு பிடி எடுத்து நசுக்கிப் பார்த்தார். பொடியத் தொடங்கியிருந்தது.

"ஏர் கட்டவா?" என்றார் தேனப்பன்.

"அடுத்த பஸ்ஸு வரட்டும்" என்றார் நாச்சியார்.

அடுத்த பஸ்ஸிலிருந்து குருநாதன் இறங்கவில்லை. அரைகுறையாகக் காய்ந்த துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு சுலைகா இறங்கினாள். மூன்று கடை ஏறி, டிராக்டருக்கென்று எங்கும் கிடைக்காமல், லாரிக்கு வருகிற சீலில் அளவு ஒத்துப்போனதை வாங்கி, நசுங்காமல் கையிலேயே பிடித்துக்கொண்டு வந்திருந்தாள். கொடுத்துவிட்டு, புருஷன் சட்டையைப் பார்த்தாள். சொல்ல ஆயிரம் இருந்தது. "மொதல்ல மாட்டுங்க" என்று மட்டும் சொன்னாள்.

சீல் உட்கார்ந்தது. பம்பு ஏறியது. பின்பெட்டிக்கு எண்ணெய் ஊற்றி வண்டியைக் கிளப்பினார்கள். புகை மெலிந்தது. சின்னக்கருப்பு கைப்பிடியைத் தள்ளினான். கலப்பை ஒரு நொடி யோசித்து, பிறகு எழுந்து, இடுப்பளவு உயரத்தில் நின்றது. நின்றது நின்றபடியே இருந்தது. எல்லாரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். நாச்சியார் வெற்றிலையை மென்று முடிக்கும்வரை அது ஒரு விரல்கூட இறங்கவில்லை.

"மாட்டைக் கொண்டுபோய்க் கட்டு தேனப்பா" என்றார் நாச்சியார்.

அப்புறம் அப்துல் சுபஹானே இருக்கையில் ஏறி உட்கார்ந்து, நூல் பிடித்ததுபோல் நேராகச் சால் போட்டு, பொழுது சாயுமுன் கண்மாய்க்கரை வயல் முழுவதையும் உழுது முடித்தார்.

இந்த இடம் வரைக்கும் நான் எழுதியதை அவர்கள் வீட்டில் வாசித்துக் காட்டியபோது, அருகில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த சுலைகா கையைக் காட்டி நிறுத்தினாள்.

"நேராவா? அவுக ஏறி உக்காந்தது வாஸ்தவம். மொதச் சாலே வரப்பேறிப் போயி, தேனப்பன் போட்டிருந்த கத்திரி நாத்தைப் பெரட்டிருச்சு. ஆத்தாதான் கையைப் பிடிச்சு எறக்கிவிட்டாக. வயலைப் பூராம் உழுதது சின்னக்கருப்பு. இவுகளுக்கு வண்டியைப் பிரிக்கத் தெரியும், பூட்டத் தெரியும், ஓட்டத் தெரியாது. அதை மாத்தி எழுதுங்க."